இடது தோள்

பத்திரிகைகள் அன்செல்ம் பிர்னே என்று
கொட்டை எழுத்தில் போட்டன.
பக்கத்து இருக்கைக்காரன் நான், படத்தின் ஓரத்தில்
கத்தரிக்குத் தப்பிய ஒரு முழங்கை.
அந்த முழங்கைக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இரண்டு.
வெர்வியே ஊர்க் கம்பளி ஆலையில் அவன் குதிரை வண்டிக்காரன்.
முதலாளி பாரிஸில் வாங்கி வந்த மோட்டாரைக்
கிளப்ப ஒருவருக்கும் துணிச்சல் இல்லாத ஞாயிற்றுக்கிழமை
இவன் கைப்பிடியைச் சுழற்றினான்.
பூசை முடிந்து வந்தவர்கள்
தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள்.
ஆரம்பம் என்றால் அவ்வளவுதான்.

மறு வருடம் தெல்வீன் கம்பெனி அவனை எடுத்துக்கொண்டது.
உதிரி டயர்களோடு என்னையும்.

என் இடது கை எண்ணெய்ப் பம்புக்கு.
கிலோமீட்டருக்கு இரண்டு அழுத்து, ஏற்றத்தில் மூன்று.
விளக்கெண்ணெய்.
குழந்தைகளுக்கு மூக்கைப் பிடித்துப் புகட்டும் அதே சனியனை
நாள் முழுக்க முகத்தில் வாங்கினோம்.
டயர் வெடித்தால் கத்தியால் அறுத்தெடுத்துப் புதியதை மாட்ட
ஒன்பது நிமிடம். ஒரே பந்தயத்தில் ஆறு தடவை.
என் கட்டைவிரல் நகத்தை
ஆர்டென் மலையில் ஏதோ ஒரு கோழி கொத்தித் தின்றிருக்கும்.

மூன்றாம் வருடம், முன்னே போன வண்டி ஒரு கல்லை எறிந்தது.
இடது கண் அன்றைக்கே போயிற்று.
வலது கண் மெதுவாக,
தண்ணீரில் பால் கலப்பது மாதிரி.

பாஸ்தோன் விடுதியில் முட்டை உரித்தபடி சொன்னான்:
"தூசேன், நேற்று முழுக்க நான் சாலையைப் பார்க்கவில்லை.
இரண்டு பக்கமும் பாப்லர் மரம்.
நடுவில் வானம் கோடு கிழித்த மாதிரித் தெரிந்தது.
அதைப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன்.
மரம் இல்லாத இடத்தில் என்ன செய்வதென்று
நீதான் சொல்ல வேண்டும்."
உப்பைத் தேடினான். எடுத்துக் கையில் வைத்தேன்.

அப்படித்தான் என் வலது கைக்கு வேலை வந்தது.
அவன் இடது தோளில் ஒரு தட்டு: இடம். இரண்டு: வலம்.
விரித்த உள்ளங்கை: மெல்ல.
கையே இல்லை என்றால்
மிதி, மிதித்துக்கொண்டே இரு.

இரண்டு பருவம். மூன்று கோப்பை. மூன்றிலும் அவன் பெயர்.
லியேஜ் பத்திரிகை ஒன்று 'கழுகுக் கண்ணன்' என்று எழுதியது.
நான்தான் வாசித்துக் காட்டினேன்.
சிரித்துச் சிரித்துப் புரையேறியது.
தலையில் தட்டினேன்.
"அது எந்தப் பக்கம்?" என்றான்.

பிறகு ஹூஃபலீஸ் இறக்கம்.
இடப்பக்கம் பால் வண்டி. வலப்பக்கம்
வாத்துகளோடு ஒரு சிறுமி.
நடுவில் வழி இருந்ததா? இருந்தது. இப்போது தெரிகிறது.
அப்போது என் கை காற்றில் நின்றது.
கையே இல்லை என்றால் மிதிக்க வேண்டியவன்
காலை எடுத்தான்.
ஏன் என்று நான் கேட்டதில்லை.
வண்டி குறுக்கே திரும்பி
வேலியில் மூக்கைச் செருகி நின்றது.
வாத்துகள்தான் முதலில் திட்டின.

"உன் கை யோசிக்கிறது," என்றான். "போதும்."
கையுறைகளைக் கழற்றி இருக்கையில் வைத்தான்.
வேலியைத் தடவியபடி இறங்கி நடந்தான்,
முள் குத்தும் பக்கமாகவே.
நிருபர்களிடம் கியர் பெட்டி என்றேன்.
கியர் பெட்டி என்றே அச்சாயிற்று.

இப்போது அதே ஆலையில் கம்பளி ரகம் பிரிக்கிறான்.
விரலிடுக்கில் ஓர் இழையை உருட்டி
எந்த நாட்டு ஆடு என்று சொல்லிவிடுவானாம்.
போய்ப் பார்க்கவில்லை. போவேன்.

ஸ்டியரிங்கை எனக்குக் கொடுத்தார்கள்.
முதல் பந்தயத்தில் பதினோராவது வந்தேன்,
இரண்டு நல்ல கண்களோடு.
ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் என் இடது தோள்
தானாகக் கொஞ்சம் உயர்கிறது.
"வலியா?" என்று கத்துகிறான் ஜிஸ்லேன்,
பதினேழு வயது, என் பக்கத்து முழங்கை.

ஏற்றம் வருகிறது.
மூன்று அழுத்து என்கிறேன். மூன்று.